கீழேயிருந்து வந்த பிற்பாட்டு

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போடுவதென்று முடிவானபோது ஆயர், அதாவது பிஷப், வேடம் எனக்கு வந்தது. ஸ்பானியர் பிடித்த தேசத்தில் பழங்குடி மக்களை அடிமைகளாக வைத்திருந்த பண்ணைக்காரருக்கு, அவர்களை விடுவிக்கும்வரை பாவமன்னிப்புத் தர மறுத்த ஆயர் அவர். வீட்டில் என் சொல்லுக்கு நாய்கூட அசையாது. குரல் இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன்.

பண்ணைக்காரர் வேடம், ரூஜ் பகுதியில் பெரிய வீடு வாங்கியிருந்த ஒருவருக்கு. ஞாயிறுதோறும் அங்கேதான் ஒத்திகை. சாப்பாடு அருமையாக இருக்கும். அவர் மனைவி ஞாயிறிலும் தூரத்துப் பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்விடுவார். யார் சமைத்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

அன்று பனி கொட்டியதில் மல்வேர்னிலிருந்து பிற்பாட்டுக்காரர் எவரும் வரவில்லை. கூத்தில் நாங்கள் ஓர் அடி பாடி நிறுத்தினால் அதன் கடைசிச் சொற்களைத் திருப்பிப் பாடுவது அவர்கள்தான். நானும் வீட்டுக்காரரும் மட்டும் பாடிப் பார்க்கத் தொடங்கினோம். அவர் என் முன்னால் முழந்தாளிட்டார்.

“கட்டி வைத்த சனங்களை அவிழ்த்து விடடா” என்று பாடிப் பழக்கதோஷத்தில் நிறுத்தினேன்.

“அவிழ்த்து விடடா” என்று தரைக்குக் கீழே ஒரு பெண் பாடினாள். மெட்டுப் பிசகவில்லை.

“உது ஹீற்றர் சத்தம், அண்ணை” என்றார் அவர்.

வீட்டைச் சூடாக்கும் ஹீற்றர் எங்கள் கூத்தின் மன்னார் மெட்டில் பாடாது. மறுபடி பாடினேன். மறுபடியும் வந்தது. இம்முறை கிட்ட, நிலவறைக்கு இறங்கும் பேஸ்மென்ற் கதவுக்கு அந்தப் பக்கம்.

“கீழை ஆர்?”

அவர் எழும்பவில்லை. “அம்மா கீழை படுக்கையிலை. பாக்கிறதுக்கு ஊரிலையிருந்து எடுப்பிச்ச பிள்ளை. விசா முடிஞ்சுது. வெளியிலை போனா அனுப்பிப் போடுவாங்கள். அவளின்ரை நன்மைக்குத்தான் பூட்டுறனான். நீங்கள் ஆசீர்வாதத்திலையிருந்து தொடங்குங்கோ.”

அவர் தலையைக் குனிந்து ஆசீர்வாதத்துக்குக் காத்திருந்தார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

“கதவைத் திற” என்றேன். அவரை நான் அதுவரை ஒருமையில் அழைத்ததில்லை.

பூட்டு எங்கள் பக்கம்தான் இருந்தது. அவர் எழும்பித் திறந்தபோது மேல் படியில் மெலிந்த ஒரு பெண் நின்றாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். காலில் சப்பாத்தில்லை.

“என்னோடை வாங்கோ, தங்கச்சி. ஒருத்தரும் மறிக்கமாட்டினம்” என்று என் கோட்டைக் கொடுத்தேன்.

அவள் அதை மெதுவாகப் போட்டுக்கொண்டாள்.

“ஒவ்வொரு ஞாயிறும் உங்களோடை சேந்து பாடினனான், அண்ணை” என்றாள். “இண்டைக்குத்தான் கேட்டதோ?”