பாலத்து முனையில் ஒரு வெள்ளிப் பட்டன்

பிலோமினா போய்விட்ட செய்தி எதிர்வீட்டுத் தொலைபேசியில்தான் வந்தது. அவள் கணவர் ஆரோக்கியம் அண்ணன், "பிலோ பூட்டாம்மா, காலைல" என்றார். உடனே வைத்துவிட்டார். காட்டுப்பாக்கத்திலிருந்து நசரத்பேட்டைக்குப் பேருந்தில் போன வழியெல்லாம் நான் அழவில்லை. அந்தத் துணி இனி என்ன ஆகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தோழி செத்துக் கிடக்கும்போது துணியைப் பற்றியா நினைப்பாள் ஒருத்தி என்று கேட்பீர்கள். எங்கள் சண்டை பாதியில் நின்றிருந்தது. அது அந்தத் துணியில்தான் இருந்தது.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் அவளிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் நடந்த கோபம் உங்களுக்கு இன்னும் இருக்கலாம். அவள் ஏன் சொன்ன நாளில் தைத்துக் கொடுக்கவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். என்னோடு போர் நடத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் இருவர் வீட்டுக்காரர்களும் தொழிற்சாலையில் ஒரே பிரிவு. எண்பதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த ஒருவர் ஒரு போர் விளையாட்டின் விதிமுறைகளைக் கொண்டுவந்தார். ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், மரத்தூளைப் பசையில் குழைத்துச் செய்த குன்றுகள், பகடை, நகர்த்தும் தூரத்தை அளக்க அடிஸ்கேல். பிலோ வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்டில்களைச் சேர்த்து, மேலே பிளைவுட் பலகையைப் போட்டு ஞாயிறு முழுக்க ஆடுவார்கள். விதியைச் சொல்லிச் சொல்லி அவர்கள் போட்ட கூச்சலில் எங்கள் இருவருக்கும் விதிகள் மனப்பாடம். வாரநாட்களில் அவர்கள் வேலைக்குப் போனதும் நாங்கள் ஆடுவோம். மாலைச் சங்கு ஊதுவதற்குள் ஒவ்வொரு சிப்பாயையும் அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே நிறுத்திவிடுவோம். கடைசிவரை வீட்டுக்காரர்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆண்கள் அவ்வளவுதான் கவனிப்பார்கள்.

பிறகு வீட்டுக்கு டி.வி. வந்தது. அவர்கள் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். ஈயப் பொம்மைகள் பரணுக்கும் பலகை கோழிக்கூண்டின் கூரைக்கும் போயின. பிலோ ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை. "அவங்களுக்கு வாணாம்னா போவட்டும் சரோ. நாம பைல வச்சிகினு போறாப்ல ஒண்ணு பண்ணிக்கலாம்" என்றாள்.

முதலில் செய்தது அட்டையில். பெரிய பலகையில் இருந்ததை எல்லாம் அப்படியே சுருக்கினாள். சிப்பாய்க்குப் பதில் தீக்குச்சித் துண்டு. லைனிங் துணி வாங்கப் பூந்தமல்லிக்குப் போகும் பேருந்தில், மடியில் விரித்து ஆடினோம். பருத்திப்பட்டு தாண்டி ஓட்டுநர் போட்ட பிரேக்கில் இரண்டு படைகளும் இருக்கைக்கு அடியில் உருண்டன. நடத்துநர் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, பல்லு குத்தற குச்சி யாவாரமா?" என்றார். "ஐந்நூறு பேரு உன் காலாண்ட கீறாங்க. நவுருப்பா" என்றாள் பிலோ. பேருந்தே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே விடை கண்டுபிடித்துவிட்டாள். ஜாக்கெட்டுக்கு வைக்கிற பிரஸ் பட்டன். தடித்த வெள்ளைத் துணியில் விரற்கடைக்கு ஒன்றாகப் பட்டனின் கீழ்ப்பாதிகளை வரிசை வரிசையாகத் தைத்தாள். நீல நூலில் ஓர் ஆறு, அதன்மேல் பழுப்பு நூலில் ஒரு பாலம். மேல்பாதிகள்தான் படைகள்: வெள்ளி நிறம் அவளுக்கு, கறுப்பு எனக்கு. டிக் என்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நடுவில் நிறுத்தி, சண்டையோடு துணியை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பேருந்திலும், பண்டிகைக் கால ரேஷன் கடை வரிசையிலும், கூட்டுத் திருப்பலி தொடங்குவதற்கு முன்பும் ஆடியிருக்கிறோம். கடைசியாகச் சொன்னதற்குப் பாதர் மன்னிக்க வேண்டும்.

ஆனால் சுருக்குவது அளவைக் குறைப்பது மட்டுமல்ல என்பது ஆடும்போதுதான் தெரிந்தது. பலகையில் பீரங்கி சுட்ட தூரத்துக்குத் துணியில் சுட்டால் துணியைத் தாண்டிவிடும். "துணி சின்னதாயிட்ச்சின்னு பீரங்கிக்கு எப்டித் தெரியும்? நாமதான் சொல்லணும்" என்று அதன் தூரத்தை வெட்டினாள். பெரிய தகராறு ஆள் கணக்கில் வந்தது. பலகையில் ஒரு பொம்மை என்றால் இருபது பேர். துணியில் இடமில்லாததால் ஒரு பட்டனுக்கு நூறு பேர். நான் அவள் பட்டன் ஒன்றை வெட்டி எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, நூறு பேர ஒரே தபா தூக்கிக் கடாசற? பாதிப் பேராவது உசுரோட இருக்க மாட்டானா?" விளையாட்டுத்தானே என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு புது விதியோடு வந்தாள். அடிபட்ட பட்டனின் ஓட்டையில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். நூல் கட்டிய பட்டன் முன்னேறித் தாக்க முடியாது. ஆனால் நின்ற இடத்தைக் காக்கலாம். இரண்டாவது அடி விழுந்தால்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் ஓய்வுபெற்ற பின் குடியிருப்பைக் காலி செய்து அவள் நசரத்பேட்டைக்கும் நான் காட்டுப்பாக்கத்துக்கும் போனோம். வாரம் ஒரு முறை சந்திப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஓர் அறுவை சிகிச்சை முடிந்தது. இன்னொன்று வேண்டும் என்றார்கள். பார்க்கப் போனபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். அவளே சொன்னாள்: "நானும் செவப்பு நூலு கட்ன பட்டன்தான்டி இப்போ. அடிக்கப் போவ முடியாது. எடத்த உட மாட்டேன்."

இரண்டாவது சிகிச்சைக்குச் சேர்க்கும் நாளில் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து ஆடினோம். அந்தச் சண்டை முழுக்க என் கைதான் ஓங்கியிருந்தது. துணியிலேயே நூல் கட்டிய பட்டன் ஒன்றே ஒன்று, அவளுடையது, பாலத்து முனையில் நின்றது. அதை அவள் வாரக்கணக்காக நகர்த்தவில்லை. அடுத்த அடி விழுந்தால் பாலம் என்னுடையது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். பகடையை நான் கையில் எடுத்தபோது உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பகடையை என்னிடம் வாங்கி, துணியை நிதானமாக மடித்து, இரண்டையும் தன் பையில் வைத்தாள். "உன் மொறதான். மறந்துடாத. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். ஆனால் பகடையைப் பிடிக்கிற தெம்பு திரும்பவில்லை. துணி அவள் கட்டிலுக்கு அடியில் பையிலேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் அண்ணனிடம் கேட்டேன். அவர் மருமகள் லில்லியைப் பார்த்தார். அவள் உள்ளே போய்ப் பளிச்சென்று இஸ்திரி போட்டு மடித்த துணியைக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பவுடர் டப்பா மூடி நிறையப் பட்டன்கள், அவற்றோடு பகடை. "ரொம்ப அழுக்கா கெடந்துச்சி ஆண்டி. சோடா போட்டு ஊற வச்சேன். அப்றம் பட்டன்லாம் கயட்டிட்டு நல்லா தொவச்சிட்டேன். ஒண்ணுகூட தொலையல, பத்தரமா கீது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. எந்தப் பட்டன் எங்கே நின்றது என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் மாதக்கணக்காக என் பிலோவின் படுக்கைத் துணிகளை முகம் சுளிக்காமல் துவைத்த கை அந்தக் கை. "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் துணியை விரித்தேன். என் பட்டன்கள் எங்கெங்கே நின்றன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன். பாலத்து முனையில், துணியில் தைத்த ஒரு பட்டனைச் சுற்றி மட்டும் வெளிர்சிவப்பாக ஒரு வளையம். ஊற வைத்தபோது சிவப்பு நூலின் சாயம் இறங்கியிருக்கிறது. சோடாவுக்கும் இஸ்திரிக்கும் அது போகவில்லை.

மூடியைக் கிளறி, நூல் கட்டிய வெள்ளிப் பட்டனைத் தேடி எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். டிக் என்றது. பிலோமினாவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு துணி, அதில் ஒரு பட்டன். என்னுடைய கறுப்புப் பட்டன்கள் மூடியிலேயே கிடக்கின்றன. பகடையும் அங்கேதான் இருக்கிறது. முறை என்னுடையதுதான், மறக்கவில்லை. நான் ஆடப் போவதில்லை, பிலோ. பாலம் உன்னுடையதாகவே இருக்கட்டும்.