வாத்துகள் தின்ற சோறு

சிவநாதன் போய்விட்டார் என்று அவர் மனைவி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து போனில் சொன்னபோது, "எந்தச் சிவநாதன்?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே சிவநாதன்தான். அவரை அறிந்த உங்களிடம்தான் இந்தக் குழப்பத்தைச் சொல்ல முடியும்.

நியூ ஜெர்சியில் ஒரு விவசாயியின் நிலத்தில் நாங்கள் இருவரும் சதுப்பு ஒன்றை உருவாக்கினோம். மக்காச்சோளத்துக்குப் போட்ட உரத்தின் நைட்ரஜன் மழைநீரோடு நேரே ஓடைக்குப் போகக் கூடாது; சம்பங்கோரை நட்ட பள்ளத்தில் தண்ணீர் தங்கி, சுத்தமாகி வடிய வேண்டும். பள்ளம் அவர் பொறுப்பு, தண்ணீரைச் சோதிப்பது என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்குள் நைட்ரஜன் குறையாவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடுவேன் என்று விவசாயி முதலிலேயே சொல்லியிருந்தார்.

இரண்டாவது கோடையில், உள்ளே வரும் நீரைவிட வெளியேறும் நீரில் நைட்ரஜன் அதிகமாக இருந்தது. என் கருவியைத் திட்டித் தீர்த்தேன். ஒரு மதியம் நேரில் போனால், சிவநாதன் டிபன் பாக்ஸிலிருந்து முதல் பிடி சோற்றைக் கரையில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வந்ததோ காட்டு வாத்துக் கூட்டம். தின்றுவிட்டுத் தண்ணீரிலேயே எச்சமிட்டன.

"என்ன சார் இது? நைட்ரஜனைக் குறைக்கப் பள்ளம் வெட்டிட்டு வாத்துக்கு ஃபீட் பண்றீங்க! உங்க அப்பாவா வாத்து ரூபத்துல வர்றார்?" என்று கத்தினேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "அப்பா மாசியில போயிட்டார். சண்டையில யாழ்ப்பாணம் போக ஏலாமப் போச்சு. இதையாவது செய்வம் எண்டு…"

எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவரே விவசாயியிடம் போய் ஒப்புக்கொண்டார். விவசாயி விழுந்து விழுந்து சிரித்து, இன்னொரு வருடம் கொடுத்தார். சோறு வைப்பது நின்றது. சிவநாதன் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த கோடையில் நைட்ரஜன் நன்றாகக் குறைந்தது. வாத்துகள் போனதாலா, கோரை வேர்பிடித்ததாலா?

"கோரைன்னே ரிப்போர்ட்ல போட்டுடலாம் சார்."

"தெரியாததைத் தெரியாது எண்டே எழுதுங்கோ."

அப்படியே எழுதினோம். சதுப்பு இன்றும் இருக்கிறது.

கோரைதான் காரணம் என்றால், ஒரு மகன் தன் தகப்பனுக்கு வைத்த சோற்றை நான் வீணாக நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியாமலே வருடங்களைப் போக்கிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி கேட்டாலும் பதில் சொல்ல அவர் இல்லை.