பிரேக் டான்ஸும் அம்மாவின் சாவியும்

எண்பதுகளின் நடுவில், தாராவியில் எங்கள் சந்துக்குப் பிரேக் டான்ஸ் வீடியோ பார்லர் வழியாக வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாதுங்காவில் ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் படித்த தம்பி பத்தாவதில் தவறிவிட்டான். அதே வருடம் அப்பா, தான் வேலை செய்த தோல்ஷாப்பில் வலிப்பு வந்து விழுந்து இறந்தார். அதன்பிறகு தம்பி சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவே.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. “ஒருத்தனாவது ஒரு சாவிய எடுத்துக் குடுக்கலியே” என்று அம்மா மாதக்கணக்கில் சொல்லி அழுதாள்.

சாயங்காலங்களில், எங்கள் சந்துச் சங்கமான மண்டலின் அறையில் பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பித்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவன் வந்து, “அண்ணே, ஒங்க இங்கிலீஷ் கெடக்கட்டும், டேப் இருக்கா?” என்றான். இருந்தது. பாதி நேரம் பாடம், பாதி நேரம் ஆட்டம் என்று பேசி முடித்தோம். பேக்கிங் அட்டைகளைப் பிரித்துத் தரையில் விரித்தார்கள். தம்பியும் வந்து மூலையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். விரல் நுனியில் தொடங்கும் அலை தோள் வழியாக இறங்கிக் காலில் முடியும். அதை அவனைப்போல் யாரும் செய்யவில்லை. வீட்டில் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். “அண்ணே, அக்டோபர்ல பத்தாவது பரிச்சய திரும்ப எழுதுதேன்” என்று அவனாகவே சொன்னான்.

கணபதி பந்தலில் ஆடுவதற்காக ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட அம்மா வந்தாள். தம்பி தரையில் கிடந்து கையும் காலும் உதற ஆடிக்கொண்டிருந்தான். குடம் உருண்டது. இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை உருவி, அவன்மேல் விழுந்து கையில் திணித்தாள்.

“எய்யா, புடிய்யா! இறுக்கிப் புடி!”

பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். “அரே, சாவி ஸ்டெப்டா இது!” தம்பி எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

“இனி அவன் அங்க வரமாட்டான்” என்றாள் அம்மா அன்றைக்கே. “பேரே ஒடிக்கிற ஆட்டமாம்லா.”

“எம்மா, அது ஆட்டம். அவனாத்தான் கையக் கால ஆட்டுதான்.”

“ஒங்க அப்பாவும் அப்படித்தாம்ல ஆட்டுனாரு.”

தம்பி மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். அக்டோபர் பேச்சும் நின்றது.

சில நாள் கழித்து அவனே எழுந்து பாயைச் சுருட்டினான். “எம்மா, இங்க பாரு. நீ நில்லுன்னு சொல்லு, நிக்கும்.”

பாட்டு இல்லாமல் அந்த ஒற்றை அறையில் ஆடினான். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவன் நிறுத்தவும் இல்லை. வியர்த்துக் கொட்டியது.

“நில்லுல” என்றாள் ஒருவழியாக.

பாதி அலையில், தூக்கிய கை அப்படியே நின்றது. அம்மா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். “ஆடு” என்றாள். ஆடினான். “நில்லு.” நின்றான். அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்த உடம்பு அவள் சொன்னதைக் கேட்டது.

பந்தலில் அம்மா முன்வரிசையில் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி தரையில் இறங்கி உதறத் தொடங்கியதும் அவள் உதடு அசைந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாட்டு முடியும் முன்பே தம்பி அசையாமல் நின்றுவிட்டான். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“அரே, பீட்டக் கோட்டை விட்டுட்டியே!” என்று மேடையை விட்டு இறங்கியதும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“அம்மா நில்லுன்னாளே” என்றான் தம்பி.