பாரிவாக்கம் கோபுரத்தில் ஒரு மதியம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான். பெனிஷா இன்றைக்கும் பூந்தமல்லிக்குப் போக வேண்டுமென்றால், அந்த ரேடியோ கோபுரம் கண்ணில் படாத வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பழைய ஏ.எம். கோபுரங்கள் டிஜிட்டல் ஒலிபரப்புக்குத் தாங்குமா என்று சோதிப்பது அவள் வேலை. போன மார்ச்சில் பாரிவாக்கம் தாண்டி ஒரு நிலையத்துக்குப் போனாள். மதிய இடைவேளையில் ஒலிபரப்பு நிற்கும். அதற்குள் அளந்துவிட வேண்டும்.

கோபுரத்தின் காலடியில் ஒரு சிறிய அறை. அதற்குள் வருகிற செம்புக் குழாய் வழியாகத்தான் மொத்த மின்சாரமும் மேலே போகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்தால் ஆள் மிஞ்ச முடியாது. அதனால் உள்ளே போகிறவர், அந்த மின்சாரத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் சாவியைக் கையோடு எடுத்துப்போவது வழக்கம். சாவி இல்லாமல் அது ஓடாது. சாவி பெனிஷாவின் பையில் இருந்தது.

மணி மூன்று. மீட்டரின் கிளிப்பைக் குழாயில் மாட்டினாள். மீட்டர் திரையில், அலைவரிசைக்கு இரண்டு பக்கமும் கோடு ஒரே மாதிரி வளைய வேண்டும். வளைந்தது. பிறகு இடது பக்கம் மட்டும் மெல்லத் தாழ்ந்தது.

கிளிப்பைக் குழாயோடு அழுத்திப் பிடித்தாள். இன்னும் தாழ்ந்தது.

இந்தச் சரிவு அவளுக்குப் பழக்கம். கோபுர உச்சி விளக்கை மாற்ற ஆள் ஏறும்போது இப்படித்தான் ஆகும். ஆள் உயர உயர, கோடு நகரும்.

யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். வெயில். வெறும் இரும்பு.

டங்... டங்... ஏணியில் கால் படுகிற சத்தம்.

ஒரு கை கிளிப்பில். மறு கையால் ஷர்மிளாவைக் கைபேசியில் அழைத்தாள். டிரான்ஸ்மிட்டர் அறையில் பணியில் இருந்தவள் ஷர்மிளா. யாரையாவது மேலே அனுப்பினீர்களா என்று கேட்பதற்குள் அவள் சீறினாள்.

“இன்னா தில்லுடி உனக்கு? பெல்ட்டு போடாம ஏறிகினு, அதுல போன் வேற பேசிகினு கீற. எறங்கு மொதல்ல.”

“அக்கா... நான் கீழ ரூமுக்குள்ள இருக்கேன்.”



“வெளாடாத. ஜன்னலாண்ட நின்னு உன்னத்தான் பாத்துகினு கீறேன்.”

“நான் கீழதான்க்கா இருக்கேன்.”

“...வெளிய வா. வந்து கைய காட்டு.”

கிளிப்பை விட்டாள். வாசலைத் தாண்டினாள். கையை உயர்த்தினாள்.

தூரத்து ஜன்னலில் ஷர்மிளா. அவள் விரல் மேலே காட்டியது.

பெனிஷா நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

டப்...

முதுகுக்குப் பின்னால் நீல வெளிச்சம். தீய்ந்த வாடை. அறைக்குள் மீட்டர் உருகி ஒழுகியது.

சாவி பையிலேயே இருந்தது.

மின்சாரம் எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறகுதான் பெனிஷாவிடம் சொன்னார்கள்: ஆறு வருடங்களுக்கு முன்பு இதே சோதனைக்கு வந்த வனஜா என்ற பெண், அந்த அறைக்குள் குழாயைப் பிடித்தபடியே கருகிப்போனாள். அன்று பணியில் இருந்தவர் கார்த்திகேசன். வனஜா கோபுரத்தில் ஏறுவதைப் பார்த்ததாகச் சொன்னார். அவள் இறங்கட்டும் என்று ஜன்னலோரம் காத்திருந்தாராம். உடலைத் தூக்கிவந்து அவர் காலடியில் கிடத்தினார்கள். அவர் குனிந்து பார்க்கவில்லை. கோபுரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“பொண்ணு இன்னும் எறங்கலையே.”