எதிர் ஆலையின் குறைகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையால் சோறு தின்றுதான் வளர்ந்தன. ஐந்தும் ஆளாகிவிட்டன. கூடவே வலங்கைமான் சாலையில் ஒரு நெல் ஆலையையும் வளர்த்திருக்கிறேன். அது மட்டும் இன்னும் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், மூட்டையில் அச்சடித்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு சம்பா அறுவடைச் சமயத்தில், காலை வேளையில், ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் நிர்வாகப் பாடம் நடத்துகிறாளாம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்கிறாளாம். ஊசி போடாத டாக்டர்.

"டெல்டாவுல இருக்கிற ரைஸ் மில்லுக்கெல்லாம் என்னென்ன பிரச்சினைன்னு எழுதணும்மா" என்றாள்.

"எங்க மில்லுக்கு என்ன பிரச்சினை? நல்லா ஓடுது. மோர் சாப்பிடுறியா?"

அவள் கேட்ட நேரம் அப்படி. முதல் மூட்டை தராசில் ஏறுகிற நேரம். நெல்லை மரக்காலால் அளந்த காலத்தில் நாங்கள் ஒன்று என்று தொடங்க மாட்டோம். முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லிப் போட்டுவிட்டுத்தான் இரண்டு, மூன்று என்று போவோம். இப்போது மரக்கால் போய் மின்தராசு வந்துவிட்டது. ஆனாலும் முதல் மூட்டையைத் தூக்குகிற பீகார்ப் பையன் 'லாபம்' என்றுதான் கத்துகிறான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் அது. இப்படிப் பழகிய வாயை வைத்துக்கொண்டு வெளியாளிடம் குறை சொல்வது எப்படி? சொன்னால் ஊரெல்லாம் பரவும். நெல் கொண்டுவருகிறவன் டிராக்டரை எதிர் ஆலைக்குத் திருப்பிவிடுவான்.

எதிர் ஆலை என்பது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாயின் ஆலை. கூத்தாநல்லூர்க்காரர். முப்பது வருடமாக எனக்கும் அவருக்கும் போட்டி. அவர் வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று நான் பார்ப்பேன். என் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று அவர் பார்ப்பார். நோன்புக் கஞ்சி இங்கே வரும், பொங்கலுக்குக் கரும்பு அங்கே போகும். ஆலை விஷயம் மட்டும் சாலையைத் தாண்டாது.

அந்தப் பெண்ணுக்குப் போன இடமெல்லாம் இதே பதிலும் மோரும்தான் கிடைத்திருக்கின்றன. அடுத்த வாரம் ஒரு யோசனையோடு வந்தாள். என்னையும் பாயையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பாளாம். குழு விவாதமாம். பாவம், புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கும் போலிருக்கிறது.

பாய் சலவைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக என் ஆபீஸ் அறைக்கு வந்தார்.

"சொல்லுங்க பாய், ஆள் பற்றாக்குறை இருக்கா?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஆளா? வேணாம்னாலும் வந்து நிக்கிறானுங்க. அக்காவுக்கு வேணும்னா ரெண்டு பேரை அனுப்புறேன்."

"எனக்கு எதுக்கு பாய்? எங்க மில்லுல அவ்வளவும் மெஷின்."

"ஓ, அந்தச் சத்தம் மெஷின்தானா? வூட்டுல மாவு இடிக்கிறாங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"உங்க பக்கம் சத்தமே வரலியே, அதான் எனக்குக் கவலை."

பாய் இரண்டு டீ குடித்துவிட்டு ஜெயித்த மாதிரி எழுந்து போனார். நானும் ஜெயித்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அவள் காகிதத்தில் மட்டும் ஒரு வரிகூட இல்லை.

ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத்தான். பிரச்சினையே இல்லாத ஆராய்ச்சியை எதுக்கு எழுதுறேன்னு கைடு திருப்பிக் கொடுத்துட்டார். இந்தக் கோடைக்குள்ள கொடுக்கலேன்னா பட்டம் இல்ல. பட்டம் இல்லேன்னா காலேஜ்ல வேலையும் இல்ல. என் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

சம்பாதிக்கிற பெண் பிள்ளை வேலை இல்லாமல் நிற்பது எனக்குப் பொறுக்காது. அதற்காக என் ஆலையைக் குறை சொல்லவும் வாய் வராது. அவளை உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்தினேன்.

"எழுதிக்க. எங்க மில்லுல ஒண்ணும் இல்ல. எதிர் மில்லுல என்னன்னு சொல்றேன்."

சொன்னேன். மழையில் நனைந்த நெல் ஈரமாக வருகிறது. உலர்த்தும் மெஷினை ஓட்டினால் கரண்டுச் செலவு கட்டுபடியாகவில்லை, ஓட்டாவிட்டால் அரிசி பழுப்படிக்கிறது. வடக்கத்திப் பையன்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர்தான் திரும்புகிறார்கள். கடைக்காரர்களுக்கு வெளி மாநிலத்துப் பளபளப்பு அரிசிப் பைதான் கண்ணில் படுகிறது.

"அப்புறம், பெத்த புள்ளைக்கு மில்லுல மனசே இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, வித்துடலாமான்னு கேக்குறான்."

அவள் பேனாவை நிறுத்தினாள்.

"பாய் கிட்ட உலர்த்துற மெஷினே இல்லையேம்மா. களத்துல வெயில்லதானே காய வைக்கிறாங்க?"

"எழுதும்மா. மெஷின் யாரு கிட்ட இருந்தா உனக்கென்ன?"

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். நல்ல பிள்ளை. எழுதி முடித்து நேராகச் சாலையைத் தாண்டிப் பாயிடம் போனாள். அவரும் கதவைச் சாத்தியதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தாள். அதன் பிறகு பாபநாசம் வரைக்கும் ஒவ்வோர் ஆலையிலும் எதிர் ஆலையைப் பற்றி மட்டும்தான் கேட்டாளாம். மடை திறந்த மாதிரி வந்ததாம்.

கோடைக்குள் கொடுத்துவிட்டாள். மறு வருடம் ஒரு நாள், தடித்த புத்தகமும் இனிப்புமாக வந்து நின்றாள். பட்டம் கிடைத்தது, வேலையும் நிலைத்தது. பாயையும் கூப்பிட்டனுப்பினேன். புத்தகத்தில் யார் பேரும் இல்லை. ஆலை அ, ஆலை ஆ என்றுதான் போட்டிருந்தாள்.

"முதல்ல போட்டிருக்கிறது என்னைத்தான் அக்கா" என்றார் பாய்.

"குறையிலதானே முதல்? இருந்துக்குங்க" என்றேன்.

அவள் ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். ஓர் ஆலையில், எதிர்பாராத மழையில் களத்து நெல் நனைந்து வீணாகிறது. மகன்கள் வளைகுடாவில் நன்றாக இருக்கிறார்கள், ஆலையை ஏற்று நடத்த ஒருவரும் வருவதாக இல்லை. இன்னோர் ஆலையில், உலர்த்தும் மெஷின் ஓடாமல் கிடக்கிறது. மகன் விற்றுவிடலாம் என்கிறான். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பாவம், யாரு மில்லோ" என்றார் பாய், கடைசியில்.

"ஆமா பாய், பாவம்" என்றேன்.

அடுத்த மழைக்கு இரண்டு டிராக்டர் ஈர நெல் சாலையைத் தாண்டி என் வாசலுக்கு வந்தது. மெஷின் சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமே என்று அனுப்பினாராம் பாய். அவர் நெல்லும் என் நெல்லும் சேர்ந்து ஓடினால் கரண்டுச் செலவு கட்டுபடியாகிறது. அதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதோ, பேத்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அப்பாயி, எதிர் மில்லுன்னு எழுதினதெல்லாம் நம்ம மில்லுதானே?"

"கேள்வி கேக்காத. எங்க, முதல்லேருந்து ஒரு தடவை படி, கேக்குறேன். அந்த ஜன்னலை மட்டும் சாத்திட்டு வா. பாய் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார்."