மேஜை மேல் வைத்த பாட்டில்

1964-ல், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. நான் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிது. நெஞ்சில் சீழ் வடியக் குழாய் போட்ட நோயாளியைக் கவனிப்பது எப்படி என்று மாணவிகளுக்குக் காட்ட, ஒரு மாடல் செய்யச் சொன்னார் மேட்ரன். செவ்வாய்ப்பேட்டையில் கால்பந்து பிளாடர் வாங்கினேன். அதுதான் நெஞ்சு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். குழாயின் முனை பாட்டில் தண்ணீருக்குள். அமுக்கினால் குமிழி வரும்.

2. பாட்டில் எப்போதும் கட்டிலுக்குக் கீழே, தரையில் இருக்க வேண்டும். உயர்த்தினால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும். இதைச் சொன்னேன், நோட்டில் எழுதவும் வைத்தேன்.

3. பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றார்கள். பாட்டிலை மேஜை மேல் ஒரு பெட்டியில் தூக்கி வைத்தேன். மூன்று வகுப்பும் அது அங்கேயே இருந்தது. பிளாடருக்கு ஒன்றும் ஆகவில்லை.

4. ஒரு நாள் காலை வார்டில் தரை கழுவ வந்தார்கள். ஓமலூரிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, குழாய் போட்ட ஒரு நோயாளியின் பாட்டில் உடைந்துவிடும் என்று பயந்து, அதைக் கட்டிலருகே இருந்த உயரமான அலமாரி மேல் வைத்தாள்.

அந்த நோயாளி, பக்கத்து இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த நெசவாளி. அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். "ஏனுங்க சாமி, தண்ணி இவரு பக்கமா ஓடுதுங்களே."

"மூச்சு விட்டா அப்படித்தாங்க ஆடும்" என்றாளாம் அந்த மாணவி. அதுவும் என் வகுப்பில் கேட்டதுதான்.

நெசவாளிக்குக் குளிர் ஜுரம் வந்தது. பிழைத்தார், ஆனால் கூடுதலாக ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார்.

விசாரணையில் மேட்ரன் என்னைக் கேட்டார்: "பாட்டிலை எங்கே வைக்கச் சொன்னீங்க?"

"தரையில்னு சொன்னேன், மேடம்."

அது பொய்யில்லை. அவள் நோட்டைப் பிரித்தார்கள். அவள் கையெழுத்திலேயே அது இருந்தது. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவள் படிப்பு போனது.

டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சுக்கா. ஆனா கை, பாத்ததத்தான் செஞ்சுது." கோபமே இல்லாமல் சொன்னாள்.

இருபது வருஷம் ஆகிவிட்டது; இன்றும் அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். பாட்டில் தரையில் இருக்கிறது. பின்வரிசைப் பெண்கள் எழுந்து வந்து குனிந்து பார்க்கிறார்கள். காரணம் கேட்டால் பாடத்தில் உள்ளதைச் சொல்கிறேன். அவளைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.