கம்பவுண்டருக்கு வீக்கம்

எங்கள் அண்ணி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறார். என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அதனால் எங்களைவிட அந்தக் கிளினிக்குக்குத்தான் அவர்மேல் பாத்தியதை அதிகம் என்று அண்ணன் குறைபட்டுக்கொள்வான். நாற்காலிக்கு வலப்பக்கம் டாக்டர், இடப்பக்கம் அண்ணி. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்வார். அந்தக் கையைக் கவனிப்பது அண்ணியின் வேலை. கை எழும்பும். "சார், கை" என்பார் அண்ணி. "ஆச்சு, ஆச்சு" என்பார் டாக்டர். ஆகியிருக்காது. நல்ல மனிதர்தான், ஆனால் எந்தக் கைக்காகவும் அவர் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த அநியாயத்துக்கு ஈடு செய்கிறாரோ என்னவோ, வீட்டில் அண்ணி பரிமாறும்போது இடது கையைத் தூக்கினால் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். வாயால் போதும் என்றால் நிற்காது.

கிளினிக்கில் இன்னொரு ஊழியரும் உண்டு. முன்னறையில், கண்ணாடித் தொட்டிக்குள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தங்கமீன். பல் வலியோடும் அதைவிடப் பெரிய பயத்தோடும் வருகிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை வரும்போது பாதிப் பயம் தெளிந்திருக்கும். எந்தக் கம்பவுண்டராலும் ஆகாத வேலை இது என்று டாக்டர் ஒருநாள் சொல்லப்போக, பெயரே கம்பவுண்டர் என்று நிலைத்துவிட்டது. தீனி, தண்ணீர், கண்ணாடி துடைப்பது எல்லாம் அண்ணி பொறுப்பு. காலையில் அவர் உள்ளே நுழைந்ததும் மீன் முன்கண்ணாடிக்கு ஓடி வரும். "அந்த இடத்துல என்னைப் பார்த்து முன்னால வர்ற ஒரே ஜீவன் அதுதான். மத்ததெல்லாம் பின்னாலதான் போகும்" என்பார்.

அந்தக் கம்பவுண்டருக்கு வயிறு வீங்கியது.

டாக்டர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். பல் டாக்டர்களுக்கு வீக்கம் என்றால் ஒரே சட்டம்தான். வீக்கம் இருக்கும்போது கை வைக்கக் கூடாது, வடியட்டும், அப்புறம் பார்க்கலாம். அதையே மீனுக்கும் சொன்னார். அண்ணிக்கும் அது நியாயமாகப் பட்டது. இத்தனை வருஷமாக வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களுக்கு அவரும் அதைத்தானே சொல்லி அனுப்புகிறார்? மீனைத் தனி டப்பில் விட்டு, அளவாக உப்புப் போட்டார்கள். கொப்பளிக்கச் சொல்லாததுதான் பாக்கி.

வீக்கம் வடியவில்லை. செதில்கள் சீப்புப் பல் மாதிரி விறைத்து நிமிர்ந்தன. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. மீன் விற்கிற கடைக்காரருக்குப் போன் போட்டார் அண்ணி.

"அதைத் தூக்கிப் போடுங்க மேடம். இதே கலர், இதே சைஸ்ல ஒண்ணு தர்றேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்று அண்ணி வைத்துவிட்டார்.

அடுத்து, நாய் பூனைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைக் கேட்டார். மீன் படத்தையும் அனுப்பினார். செதில் இப்படி நிமிர்ந்துவிட்டால் உள்ளே எல்லாம் கெட்டுவிட்டது, இனி தேறாது என்றார் அந்த அம்மா. "இதுக்கு மேல வச்சிருக்கிறது உங்க மனசுக்காகத்தான், அதுக்காக இல்ல" என்றும் சொன்னார். வழியும் சொல்லிக்கொடுத்தார். கிராம்புத் தைலத்தைத் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மெதுவாக ஊற்ற வேண்டும். முதலில் மயங்கும், பிறகு அடங்கிவிடும். நடுவில் துடித்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதற்குத்தான் அவஸ்தை.

கிராம்புத் தைலம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பல் வலிக்கு வைப்பது அதைத்தான். கிளினிக் அலமாரியில், அண்ணி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அண்ணி தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பல்லுன்னு நெனச்சுட்டோம். வடியும் வடியும்னு உக்காந்திருந்தோம், அது வேதனையில கிடந்திருக்கு" என்றார்.

"அப்போ முடிச்சுடுங்க அண்ணி" என்றேன்.

"இன்னமும் என்னைப் பார்த்தா முன்னால வரப் பாக்குதுடா. வர முடியல. ஆனா வரப் பாக்குது." அழுதுகொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். நான் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று விட்டார். அந்த இடைவெளியில் அண்ணி டப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தைலம் கலந்த பாட்டில் ஏப்ரன் பையில் இருந்தது.

"நீங்களே ஊத்திடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர், ஜன்னலைப் பார்த்தபடி.

"என் வேலை பிடிச்சுக்கிறது. உங்க வேலை மருந்து."

"எனக்குக் கை நடுங்குது."

"பேஷன்ட் முன்னால அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அண்ணி. பேஷன்ட் நான்தான். பாதி வாய் செத்துப்போய்க் கிடந்ததால் நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் பாட்டிலை வாங்கினார். டப்பின் வலப்பக்கம் வந்து நின்றார். அண்ணி வழக்கம்போல இடப்பக்கம். டாக்டர் குனிந்து, யோசிக்காமல், வாய்ப் பழக்கத்தில் சொன்னார்:

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. பால் மாதிரித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மீனின் இடது துடுப்பு படபடவென்று அடித்துக்கொண்டு மேலே எழும்பியது. டாக்டர் நிறுத்திவிட்டார்.

"சிஸ்டர், கை" என்றார்.

அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "ஆச்சு சார், ஆச்சு. நிறுத்தாதீங்க."

ஆகியிருக்கவில்லை. அது அண்ணிக்கும் தெரியும். டாக்டர் ஊற்றினார். துடுப்பு மெல்லத் தழைந்தது. பிறகு செவுளும் நின்றது. அதற்கப்புறமும் நெடுநேரம் அண்ணி டப்பின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மீனைப் பஞ்சுத்துணியில் சுற்றி, வாசல் பூந்தொட்டியில் புதைத்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் நின்றார்.

இத்தனையும் நடந்ததில் எனக்குப் போட்ட ஊசியின் மரப்பு முக்கால்வாசி இறங்கிவிட்டிருந்தது. அது இருவருக்குமே நினைவில்லை. டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்து, வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டுவிட்டார்.

உயிர் போகிற மாதிரி வலித்தது. அண்ணி என் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.